நாய்க்குப் பயிற்சி: நாமே கொடுப்பதா, ஆள் வைப்பதா, வெளியூரில் கொண்டு விடுவதா?

வேலூர்ப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. குட்டி வந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். கேட்டைத் திறந்தால் ஓடுகிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் மேல் தாவுகிறது, வெளியே கூட்டிப்போனால் "நாம கூட்டிகினு போறோமா, அது நம்மள இஸ்துகினு போவுதான்னே தெரியல". வீட்டில் ஒருவர் யூடியூப் பார்த்து நாமே பழக்கிவிடலாம் என்பார், இன்னொருவர் பக்கத்துத் தெருவுக்கு வருகிற ட்ரெயினரைக் கூப்பிடலாம் என்பார், மாமா ஒருவர் சென்னையில் ஒன்றரை மாதம் விட்டு எடுத்தால் போலீஸ் நாய் மாதிரி ஆகிவிடும் என்பார்.

என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு, நாமே பழக்குவதும், தேவைப்படும்போது ஒரு நல்ல ட்ரெயினரிடம் நாம் கற்றுக்கொள்வதும்தான் சரியான வழி. வெளியூரில் விடுவதைக் கடைசியில் யோசித்தால் போதும். ஆனால் எல்லா வீடும் ஒன்றல்ல, அதனால் மூன்றையும் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

எல்லோரும் முதலில் கட்டணத்தைக் கேட்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதல் கேள்வி, கற்றது யாரிடம் தங்கப்போகிறது என்பது. நாய் ஓர் இடத்தில் ஓர் ஆளிடம் கற்றதை வேறு இடத்தில் வேறு ஆளிடம் அப்படியே செய்துகாட்டாது. கூடத்தில் "உட்கார்" என்றதும் உட்காரும் நாய், சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் பக்கத்தில் லாரி போகும்போது அதே சொல்லை முதல்முறை கேட்பது போல நிற்கும். அது பிடிவாதம் பிடிக்கவில்லை. அதற்கு அது புதுப் பாடம், அவ்வளவுதான். ஆகவே நாய் எந்த வீட்டில், எந்தத் தெருவில், யாரோடு வாழப்போகிறதோ அங்கேயே அவர்களோடேயே கற்பதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது, குட்டியின் வயது. பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12, 14ஆவது வாரம் வரைதான் குட்டி புது ஆட்களையும் ஒலிகளையும் பெரிய பயமில்லாமல் ஏற்கும் காலம். சிக்கல் என்னவென்றால், தடுப்பூசி முடியாமல் இருப்பதும் அதே காலத்தில்தான். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற வைரஸ் நோய்களுக்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போகும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் 1932இலிருந்து பக்கத்திலேயே ராணிப்பேட்டையில் இருக்கிறது, ஆனாலும் நாய்க்கு "ஒரு ஊசி போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திவிடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எந்தப் பயிற்சி எப்போது என்பது பாதி தெளிந்துவிடும்.

மூன்றாவது, பழக்கும் முறை: சரியாகச் செய்தால் பரிசு கொடுத்துப் பழக்குகிறார்களா, தப்பாகச் செய்தால் வலி கொடுத்துப் பழக்குகிறார்களா? நான்காவது வெயில். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, சித்திரை வைகாசியில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. எந்த நேரத்தில் பயிற்சி என்பது இங்கே வசதியைப் பொறுத்த விஷயமில்லை, உயிரைப் பொறுத்த விஷயம். ஐந்தாவது, உங்கள் நாய்க்கு இன்னும் எதுவும் தெரியவில்லையா, அல்லது அது பயந்தோ வலித்தோ உறுமுகிறதா? இவை இரண்டும் முற்றிலும் வேறு வேறு.

| | நாமே வீட்டில் | வீட்டுக்கு வரும் ட்ரெயினர் | வெளியூர் போர்டிங் பயிற்சி |
|---|---|---|---|
| கற்றது யாரிடம் தங்கும் | வீட்டாரிடம் | நீங்கள் கூட நின்றால் உங்களிடம், இல்லாவிட்டால் அவரிடம் | பெரும்பாலும் அந்த இடத்தோடு |
| எப்படிப் பழக்குகிறார்கள் என்று தெரியுமா | முழுதும் | நின்று பார்த்தால் தெரியும் | அனுப்பும் வீடியோ மட்டும் |
| எந்த வயதில் | 2 மாதத்திலிருந்தே | 3 மாதத்திலிருந்து | ஊசி எல்லாம் முடிந்த பிறகு |
| உங்கள் நேரம் | தினமும் கால் மணி | வகுப்பும், தினமும் கொஞ்சமும் | அப்போது இல்லை, திரும்பி வந்தபின் நிறைய |
| மறைந்த செலவு | வீட்டாரின் ஒற்றுமை | மாதக்கணக்கில் நீள்வது | பயணம், உண்ணி, தொற்று, மறுபடி பழக்குவது |

## நாமே பழக்குவது

இதற்குத் திறமை வேண்டும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் வேண்டியது நேரம் தவறாமையும், வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று தடவை, அவ்வளவே. அரை மணி நேரம் உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் குட்டிக்குச் சலித்துவிடும், நமக்கும்தான்.

அடிப்படை ஒன்றே ஒன்று. நாய் நமக்கு வேண்டியதைச் செய்த அந்த நொடியில், அதிகம் போனால் ஒன்றிரண்டு நொடிக்குள், அதற்குப் பிடித்தது கையிலிருந்து கிடைக்க வேண்டும். பாக்கெட்டில் தேடி எடுப்பதற்குள் அது எழுந்துவிட்டால் எழுந்ததற்குத்தான் பரிசு கொடுக்கிறீர்கள். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொறை பிஸ்கட்டும் சிறுசிறு துண்டாகக் கொடுக்கலாம், ஆனால் ஈரல் அளவுக்கு அதை மதிக்காது. இப்படிக் கொடுப்பதெல்லாம் சேர்ந்து நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மீந்த ஆம்பூர் பிரியாணியைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை, வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

கயிற்றை இழுக்கிற நாய்க்கு என்ன செய்வது? கயிறு இறுகினால் அப்படியே நில்லுங்கள். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடங்கள். இழுத்தால் எங்கும் போக முடியாது, தளர்த்தினால் போகலாம் என்பது அதற்குப் புரிய வேண்டும். முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே கால் மணி ஆகும், வீட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் அவசரத்தில் அது இழுத்த இழுப்புக்குப் போனால், விடாமல் இழுத்தால் பலன் உண்டு என்று நாமே கற்றுக்கொடுத்தது ஆகிவிடும். குரைத்துக் குரைத்துச் சோறு கேட்பதும் இதே கதைதான். கண்டுகொள்ளாமல் இருக்க ஆரம்பித்தால் குரைப்பது முதலில் கூடும், அப்புறம்தான் குறையும். அந்தக் கூடுகிற நாளில் பாட்டி பாவப்பட்டு ஒரு பிஸ்கட் போட்டுவிட்டால் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து.

கூப்பிட்டால் வருவதற்கு ஒரு விதி: எதற்காகக் கூப்பிட்டாலும் வந்ததற்கு நல்லது நடக்க வேண்டும். குளிப்பாட்டவோ சங்கிலி போடவோ "வா, வா" என்று கூப்பிட்டுப் பிடித்தால் அடுத்த முறை அது ஏன் வரப்போகிறது? அந்த வேலைகளுக்கு நீங்களே எழுந்து போய் அழைத்து வாருங்கள். தாத்தா "வாடா" என்பதும் பேரன் "கம்" என்பதும் பாட்டி தெலுங்கில் "ரா" என்பதும் நம் பக்கத்து வீடுகளில் சகஜம். எந்தச் சொல்லானாலும் சரி, வீட்டுக்கு ஒன்று என்று முடிவு செய்து ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள் சிறுநீர் போவது பயிற்சி என்பதைவிட நேரக்கணக்கு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால், பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும். மூன்று மாதக் குட்டியை எட்டு மணி நேரம் பூட்டிவிட்டு ஆபீஸ் போய்வந்து அடிப்பதில் நியாயமே இல்லை. எதற்காக அடி விழுகிறது என்றும் அதற்குப் புரியாது.

தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்க வேண்டாம். அதற்காக வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் வேண்டாம். இடுப்பில் தூக்கிக்கொண்டு நேதாஜி மார்க்கெட் வாசல் வரை போய்வாருங்கள், பஸ் ஹார்னையும் ஆட்டோவையும் குல்லா போட்டவரையும் குடை பிடித்தவரையும் பள்ளிப் பிள்ளைகளையும் பார்க்கட்டும். பிறகு எந்த ட்ரெயினருக்கு எவ்வளவு கொடுத்தாலும் இந்த வாரங்கள் திரும்ப வராது. நாமே பழக்குவதுதான் முதல் வழி என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

வெயிலிலும் இந்த வழிக்கே சாதகம், ஏனென்றால் நேரம் நம் கையில். காலை ஆறரைக்குள், மாலை ஏழுக்குப் பிறகு. புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பாருங்கள், ஐந்தாறு நொடி தாங்க முடியாவிட்டால் அந்த ரோடு நாயின் பாதத்துக்கும் ஆகாது. கத்திரி வெயிலில் நடையே வேண்டாம், வீட்டுக்குள் ஈரலை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள், மோப்பம் பிடிப்பதிலேயே களைத்துவிடும்.

எங்கே இந்த வழி சறுக்கும்? காலையில் கிளம்பி இரவு திரும்பும் வீட்டில். ஆளுக்கொரு விதி வைத்திருக்கும் வீட்டில். அப்புறம், நாயைப் பார்த்து வீட்டாரே பயப்படும் நிலை வந்துவிட்டால்.

## வீட்டுக்கு வரும் ட்ரெயினர்

நம் ஊரில் வழக்கமாக நடப்பது இதுதான். ட்ரெயினர் பைக்கில் வருவார், நாயைப் பக்கத்துக் காலி மனைக்குக் கூட்டிப்போவார், அரை மணி கழித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார். வீட்டுக்காரர் அந்த நேரம் காபி குடித்துக்கொண்டிருப்பார். இரண்டு மாதம் கழித்து "அவர் சொன்னா கேக்குது, நாங்க சொன்னா கேக்கல" என்பார்கள். கேட்காதுதான், கற்றுக்கொடுத்தவர் அவர்தானே.

இதே ட்ரெயினரை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். வாரத்தில் ஒன்றிரண்டு வகுப்பு போதும், ஆனால் கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும், அவர் பக்கத்தில் நின்று உங்களைத் திருத்த வேண்டும். நீச்சல் கற்பது போலத்தான் இது, கரையில் உட்கார்ந்து பார்த்தால் வராது. இதற்குச் சம்மதிக்கிற ட்ரெயினருக்குக் கூடக் கொடுத்தாலும் தகும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தப்பாகச் செய்தால்? இரண்டாவதற்குப் பதில் சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி), முள் பட்டை, ஷாக் காலர் (மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை), "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். "நாயை அடக்கி நீங்கதான் தலைவன்னு காட்டணும்" என்று பேசுகிறவர்களும் அதிகம். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1999இல் அது தவறு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று விளக்கிவிட்டார். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021இல், எல்லா நாய்க்கும், கடிக்கிற நாய் உட்பட, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. வலியால் அடக்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கலாம். நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்கை அடித்து வதைப்பது குற்றம், குட்டையான சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிவைப்பதும் குற்றம்.

ட்ரெயினரின் பைக் சத்தம் கேட்டதும் நாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடினால் நல்லது. கட்டிலுக்கடியில் புகுந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மறைந்த செலவுகளில் ஒன்று நேரம். காலையில் நான்கைந்து வீடு போகிறவர் உங்கள் வீட்டுக்கு எட்டரைக்கு வருவார், ஏப்ரலில் எட்டரை மணி வெயில், பக் இனம் மாதிரி மூக்குச் சப்பிய நாய்க்கு ஆபத்து. ஆறு மணி கிடைக்காவிட்டால் மாலைக்கு மாற்றுங்கள். இன்னொன்று, அவர் பல நாய்களைத் தொட்டுவிட்டு வருகிறவர், அதனால் கைகழுவச் சொல்வதில் தப்பில்லை. "21 நாளில் கேரண்டி" என்கிற பேச்சை நம்பாதீர்கள், உயிருள்ள ஒன்றின் நடத்தைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

காவலுக்குக் கடிக்கப் பழக்கச் சொல்கிற வீடுகளும் உண்டு. வேண்டவே வேண்டாம். வாசலில் ஆள் வந்தால் நாய் தானாகவே குரைக்கும், வீட்டுக்கு அது போதும். கடிக்கப் பழகிய நாயை நிறுத்தத் தெரியாத குடும்பத்தில், பிள்ளைகள் விளையாடும் தெருவில் வைத்திருப்பது பெரிய ஆபத்து.

## வெளியூரில் விட்டுப் பழக்குவது

சென்னை 140 கிலோமீட்டர், பெங்களூரு இன்னும் தூரம். நாயை விட்டுவிட்டு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துக் கூட்டிவரலாம் என்பது கேட்க வசதியாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன முதல் அளவுகோலிலேயே இது தோற்றுவிடுகிறது. அங்கே அந்த ஆளுக்குப் பழகியது, இங்கே உங்கள் வாசலில், உங்கள் மாமனார் முன்னால் தொடராது. வந்து சில நாள் ஒழுங்காக இருக்கும், வீட்டார் பழையபடி நடக்க நடக்க அதுவும் பழையபடி ஆகிவிடும்.

அடுத்தது நோய். பல ஊர் நாய் ஒன்றாக இருக்கும் இடத்தில் கெனல் இருமல் என்கிற தொற்று இருமல் சீக்கிரம் பரவும், பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உண்ணி ஏறினால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். திரும்பி வந்தபின் சாப்பாட்டை வெறுத்து, ஈறு வெளுத்துச் சோர்ந்து படுத்தால் "எங்களைப் பிரிஞ்ச ஏக்கம்" என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் ரத்தம் சோதியுங்கள். விடுவதானால் எல்லாத் தடுப்பூசியும் முடிந்து இரண்டு வாரம் கழித்து, உண்ணி மருந்து போட்டு விடுங்கள். கொட்டகைக் கூரை வெயிலில் கொதிக்கும் ஆஸ்பெஸ்டாஸா, தகரமா என்று நேரில் பாருங்கள். சொல்லாமல் போய்ப் பார்க்க அனுமதிக்காத இடம் வேண்டாம்.

இருந்தும் இது சரியாக வரும் வீடுகள் உண்டு. வயதான தம்பதி, மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன 35 கிலோ ஜெர்மன் ஷெப்பர்ட், பிடிக்க இருவருக்கும் கையில் வலு இல்லை. அல்லது வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன், எப்படியும் நாயை எங்காவது விட வேண்டிய நிலை. அப்போது, கடைசி வாரம் வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தரும் இடமாகத் தேடுங்கள். அது இல்லாமல் நாயை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் இடத்துக்குக் கொடுக்கிற பணம் வீண்.

## உங்கள் வீட்டுக்கு எது?

குடியாத்தம் மாதிரி ஊரில் தறி வீட்டிலேயே ஓடுகிறது, பகல் முழுக்க ஆள் இருக்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நீங்களே பழக்குங்கள். காட்பாடி அபார்ட்மென்டில் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் ட்ரெயினரை வார இறுதிக்கு வைத்துக்கொண்டு, பகலில் நாயைப் பார்த்து வெளியே விட ஓர் ஆளுக்கும் பணம் ஒதுக்குங்கள். பயிற்சியைவிட அந்த ஆள் முக்கியம். நாயை மொட்டை மாடியில் விட்டுவிட்டுப் போவது மட்டும் கூடாது. நாயின் உடல் வெப்பம் இயல்பில் 38.3 முதல் 39.2 டிகிரி வரை, 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூச்சிரைத்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, டாக்டரிடம் ஓடுங்கள். மதியத்தில் மேல்தொட்டிக் குழாய்த் தண்ணீர் கொதிக்கும் என்பதால் டிரம்மில் பிடித்து வைத்ததை ஊற்றுங்கள்.

தெருவில் எடுத்த, வளர்ந்த நாட்டு நாய்க்கு முதல் மாதம் பயிற்சியே வேண்டாம், நேரத்துக்குச் சோறும் ஒதுங்க ஒரு மூலையும் கொடுங்கள், நம்பிக்கை வந்தபின் கிடுகிடுவென்று கற்கும்.

திடீரென்று உறும ஆரம்பித்த, கடிக்க வந்த நாய்க்கு மூன்றில் எதுவும் முதல் வழி இல்லை. காதுப் புண், பல், இடுப்பு மூட்டு என்று எங்கோ வலி இருக்கலாம், முதலில் கால்நடை மருத்துவமனை. யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வீட்டு நாய்தானே என்று பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெடிச்சத்தப் பயமும் இப்படித்தான். தீபாவளியும், மாசியில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரை நோக்கி மேளமும் வெடியுமாகத் தேர் போகிற நாளும் இங்கே நாய்களுக்குக் கொடுமையான நாட்கள். நடுங்குகிற நாயை "பழகட்டும்" என்று வாசலில் கட்டக்கூடாது. உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தம் கொஞ்சம் கூட்டி, பக்கத்தில் உட்காருங்கள். தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது உண்மையில்லை. மிகவும் பயப்படுகிற நாய்க்கு மருந்து உண்டு, ஆனால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து அளவு கேட்டு வைக்க வேண்டும். நமக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது.